நீலம் போகத் தேய்த்த வாள்

வடக்குப்பட்டு,
ஞாயிறு

அன்பு மகள் அமலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் பார்க்கிற அப்பனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நீ வாள்சண்டைக்குப் போட்டிருந்த பழைய வெள்ளை ஜாக்கெட்டை மாதம் ஒரு தரம் துவைத்து மாடியில் காயப்போடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. காற்றில் அதன் கை தூக்கித் தூக்கி ஆடும், நான் அந்தப் பக்கமே போவதில்லை.

நீ அம்மாவிடம் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். எதிரே நிற்பவளின் கை தெரிந்ததும் உன் கை நின்றுவிடுகிறதாம், அடுத்த மாதப் போட்டியோடு வாள்சண்டையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவாயாம். உன் சிநேகிதி மஞ்சுளாவின் கையைக் கெடுத்தது நீதான் என்று நாலு வருஷமாய் நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை கண்ணு, நான்தான்.

மாவட்டத் தேர்வுக்கு முந்தின வாரம் உன் வாள் வளைந்துபோனதே, தூக்கிப் போடச் சொன்னார் உன் கோச். புதுசு வர இருபது நாள் ஆகும் என்றார்கள். இரும்பைப் பற்றி டூல் ரூம்காரனுக்கே பாடமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனிக்கு எடுத்துப்போய் நிமிர்த்தினேன். கையாலேயே நிமிர்த்தினேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கையால் நிமிரவில்லை, கேஸ் டார்ச்சில் காட்டினேன். சூடு பட்ட இடம் நீலமாகிவிட்டது. அந்த நீலம் வந்தால் எஃகின் பதம் போயிற்று, எந்த நேரமும் முறியும் என்று இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரனுக்குத் தெரியாதா? தெரியும். போட்டிக்கு முன் வாளைச் சோதிக்கும்போது பிடித்துவிடுவார்களே என்று பஃப் வீலில் நீலம் போகத் தேய்த்துப் பளபளவென்று உன் கையில் கொடுத்தேன். தேர்வில் மஞ்சுளா எதிரே நின்றபோது நீ சரியாகத்தான் குத்தினாய். வாள் அந்த இடத்தில் முறிந்து, மிச்சத் துண்டு அவள் அக்குளில் ஏறியது. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன் அமலா.

அந்தத் துண்டு என் லாக்கரில் டிபன் பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. தேய்த்து எடுத்த நீலம் திரும்பி வந்திருக்குமோ என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எடுத்துப் பார்க்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி. யாராவது ட்ரில் பிட்டை முறித்தால் எனக்கு முதலில் தரையில் ரத்தம் இருக்கிறதா என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.

மஞ்சுளா இப்போது எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள், ஒரே பஸ். இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, இன்னாப்பா, அமலா நல்லா கீறாளா, போன் பண்ணாளா என்று என்னிடம் கேட்காத நாள் இல்லை. வலது கை மடியில் சும்மா கிடக்கும். அப்பா என்றுதான் கூப்பிடுவாள், அதுதான் என்னைக் கொன்றது.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்த அவகிட்ட சொன்னியா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கை போனது போனதுதான், அவ போன்ல அழுதுகினே கீறா, நான் சமாதானம் சொல்லிக்கினு கீறேன், நீ ரெண்டு பேரையும் பாத்துக்கினே இருந்தியா, மொதல்ல அவளுக்குச் சொல்லு என்றாள். பஸ்ஸில் முன்சீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாய் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும்.

உனக்கும் என்னோடு பேசப் பிடிக்காமல் போனால் பேச வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் போன் போடு. ஆனால் என் பாவத்துக்கு உன் கையை நிறுத்தாதே. குன்றத்தூர் முருகன் உன் தோளோடு நிற்பான், நீ நீண்ட காலம் நன்றாக இருப்பாய். தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே.

ஒன்று மறக்காதே. வாள் வளைந்தால் தூக்கிப் போட்டுவிடு. சரிசெய்து தருகிறேன் என்று யார் கேட்டாலும் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே.

உன் அப்பா,
ஜீவானந்தம்