அவரவர் இடம்

லைப்சிக், ஜெர்மனி, 2 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

காது மிஷினை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறீர்களாம். போனில் கத்தித் தெருவைக் கூட்டுவதற்குத் தாளே மேல்.

போரில் தோற்ற நாஜிகளின் எண்ணம் பிறகு எங்கே ஒளிந்தது என்பதுதானே என் ஆராய்ச்சி. சின்னச் சின்னப் பத்திரிகைகளில் ஒளிந்தது. ‘இனம்’ என்ற சொல்லை மடித்து வைத்துவிட்டுப் ‘பண்பாடு’ என்றார்கள். யாரையும் வெறுக்கவில்லை, அவரவர் அவரவர் நாட்டில் இருந்தால் போதும் என்றார்கள்.

நேற்று நூலகத்தில் அப்படி ஒரு பத்திரிகை, 1974-இல் வந்தது. அதில் திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்திலிருந்து ஸம்ஸ்கிருத ஆசிரியர் ஸ்ரீகண்டன் எழுதிய கடிதம்: “எங்கள் ஊரில் யார்மீதும் துவேஷமில்லை. அவரவர் தெருவில் அவரவர் இருக்கிறோம். அதனால்தான் இத்தனை காலம் கெடாமல் இருக்கிறோம்.”

அது வேறு ஸ்ரீகண்டன் என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

ராஜஸ்ரீ

*

வலியசாலை, 20 மார்ச் 2025

குழந்தை ராஜஸ்ரீக்கு ஆசீர்வாதம்.

அந்த ஸ்ரீகண்டன் நான்தான். ஸம்ஸ்கிருத மாஷைப் பள்ளிக்கூடத்துப் பியூன்கூட மதிக்காத காலம் அது. அந்தப் பத்திரிகைக்காரர் கடல் கடந்து ‘நாம் ஒரே ஆரியக் குடும்பம்’ என்று எழுதினால் மனசு குளிராதா? தெருவைப் பற்றிக் கேட்டார். இருந்ததை இருந்தபடி எழுதினேன். இதில் என்ன தப்பு கண்டாய்?

பழைய காகிதத்தைக் கிளறாதே. இங்கே வெயில் தாங்கவில்லை, முழங்கால் வலியும் விடவில்லை. ஐப்பசியில் வருவாயா? தனியாக வந்தால் மாடி அறையைப் பெருக்கி வைக்கச் சொல்கிறேன்.

அப்பா

*

லைப்சிக், 14 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

‘தனியாக வந்தால்’ என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறீர்கள். சத்தியநேசனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று உங்கள் முன்னால் நின்ற அன்றும் இதைத்தான் சொன்னீர்கள். “அவா மேல நேக்கு ஒரு துவேஷமும் இல்லை. அவா அவா எடத்துல இருக்கட்டும்.”

ஏப்ரல் ஐந்தாம் தேதி டிராம் நிறுத்தத்தில் நான்கு பேர் அவரை அடித்துப் போட்டார்கள். தலையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் போய்விட்டது. கோட்டுப் பையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்திருந்தார்கள். ஒரு பக்கம், உன் இடத்துக்குப் போ என்று இருந்தது. மறுபக்கம் ‘ஓர் இந்திய ஞானியின் வாக்கு’. உங்கள் வரிதான் அப்பா. பத்திரிகையிலிருந்து புத்தகத்துக்கு, புத்தகத்திலிருந்து சீட்டுக்கு என்று கைமாறி அவர் பைக்கு வந்திருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன். ‘நான் எழுதியது தவறு. சத்தியநேசன் என் மாப்பிள்ளை.’ இவ்வளவு போதும், உங்கள் கையால் எழுதுங்கள். இங்கே ஒரு நாளிதழ் வெளியிடச் சம்மதித்திருக்கிறது. அவர்கள் வாயில் உங்கள் வார்த்தை கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ராஜஸ்ரீ

*

வலியசாலை, 9 மே 2025

ராஜஸ்ரீ,

கடிதம் வந்தது. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அது தவறு என்று எழுதிவிட்டால், உன் அம்மா இறந்துபோன அன்று உன்னோடு வந்தவரை எதற்காக மழையில் வாசலோடு நிறுத்தினேன்? உன்னை எதற்காக வருஷா வருஷம் தனியாக வரச் சொன்னேன்? எண்பத்தாறு வயசில் பதில் இல்லாமல் நிற்கப் பயமாயிருக்கிறது.

இத்துடன் உள்ள தாளின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். மேலே உனக்கு வேண்டியதை எழுதிக்கொள். என்னால் இவ்வளவுதான் முடியும்.

அப்பா

*

லைப்சிக், 28 மே 2025

அப்பாவுக்கு,

தாள் வந்தது. நாளிதழ்க்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். நான் எழுதினால் அது என் கடிதம்.

ஆஸ்பத்திரியில் இவரிடம் காட்டினேன். மிச்சமிருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “ஒனக்க அப்பாக்க கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, கேட்டியா” என்றார். இத்தனை வருஷத்தில் உங்களிடமிருந்து அவர் கைக்குப் போன முதல் காகிதம் அதுதான். அதிலும் அவருக்கு ஒரு வார்த்தை இல்லை.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மேலே இடம் நிறைய இருக்கிறது. அது நிரம்பாமல் இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராஜஸ்ரீ சத்தியநேசன்