தமிழினி தேடிய தழும்பு

ஜூன் 16, திங்கள்

உஸ்மான் இன்று பொழிச்சலூர் மெயின் ரோட்டில், என் பட்டறைக்கு நேர் எதிரிலேயே கடை திறந்துவிட்டான். அதே கேட், அதே கிரில் வேலை. பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் ஆர்டரை என்னோடு சேர்ந்து பேசிவிட்டு, தன் பேரில் தனியாக எடுத்துக்கொண்டவன். பிரியாணி வேறு கொடுத்தனுப்பினான். அப்படியே திருப்பி அனுப்பினேன். என்ன திமிர்!

ஜூன் 17

என் மகள் தமிழினி நூலகப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நண்பனே மன்னனின் முதுகில் குத்திவிட்டான்... அப்படின்னா இன்னாப்பா?"

"உஸ்மான் எனக்குப் பண்ணான் பாரு, அதான்."

சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். பனியனைத் தூக்கிப் பார்க்கிறாள். "தழும்பே காணோமே. நல்ல டாக்டராப்பா?" என் மனைவி சுபத்ராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. அவன் பேரை எடுத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 19

ஸ்கூல் வேன் முழுக்கச் சொல்லிவிட்டாள் — "கைனாத்தோட அப்பா எங்கப்பாவைக் கத்தியால குத்திட்டாரு." கைனாத் உஸ்மானின் மகள், இவளோடு இரண்டாம் வகுப்பு.

அதே வேனில் பிள்ளையை அனுப்பும் ஸ்ரீவத்சன் சார் என்னை நிறுத்தினார். "அவங்கள எல்லாம் எப்படி சார் நம்புனீங்க? போலீஸ்ல சொல்லலையா?"

அவங்க என்றால் யாராம்? கேட்கவில்லை. நாலு பேர் அவனைத் திட்டட்டுமே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 20

திட்டியது அவனை இல்லை. அந்தப் பெண் ஏறினால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மற்ற பெற்றோர் டிரைவர் சுந்தர்சிங்கிடம் சொல்லிவிட்டார்கள். கைனாத் பையை மாட்டிக்கொண்டு நிற்க நிற்க வேன் போய்விட்டது. என் கண்ணாலேயே பார்த்தேன். சீ! என் சண்டை அவனோட. ஏழு வயசுப் பொண்ணு இன்னாய்யா பண்ணிச்சு உங்கள?

ஜூன் 23, திங்கள்

காலையில் வேன் வந்ததும் எல்லார் எதிரிலும் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றேன்.

"நல்லாப் பாத்துக்கங்க. உஸ்மான் என்னைக் குத்தல. எம்பொண்ணு கதையைப் படிச்சிட்டு உளறிட்டா. அண்ணா, கைனாத்தை ஏத்துங்க."

ஸ்ரீவத்சன் சார் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். சுந்தர்சிங் கதவைத் திறந்தார். கைனாத் ஏறினாள்.

எதிர்க்கடை வாசலில் உஸ்மான். "சட்டையப் போடு மச்சான்" என்றான். மச்சானாம்! சட்டையை உதறி மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டேன்.

இனி இந்தத் தெருவில் அவனைப் பற்றி வாயைத் திறக்க முடியுமா? முதுகில் குத்தினான் என்றால் எவன் நம்புவான்? நானே கழற்றிக் காட்டியாயிற்று. படுபாவி, தப்பித்துவிட்டான்.