இரண்டாம் மாடி ஒலிவாங்கியை மீண்டும் இணைக்க வேண்டாம்

அனுப்புநர்:
'படிகளின் பேச்சு' ஒலிக் கலையமைப்பை உருவாக்கிய கலைஞர்,
முகாம்: பி பிளாக், நகராட்சிக் குடியிருப்பு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பிரிவு.

பொருள்: நான் அமைத்த கலைப்படைப்பை நிறுத்தவும், காவலாளி மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலக அனுமதியுடன் பி பிளாக் மாடிப்படிகளில் ஒலிவாங்கிகளும், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு திரையும் பொருத்தினேன். அங்கு எழும் அன்றாடச் சத்தங்களைக் கேட்டு, ஒரு கணினி தானாகவே வரிகளை எழுதும். அவை உடனுக்குடன் திரையில் தோன்றும். "உங்க பேச்சு எதுவும் பதிவாகாது, வெறும் சத்தம் மட்டும்தான்" என்று குடியிருப்போர் கூட்டத்தில் நானே வாக்குக் கொடுத்தேன். அது பொய்யல்ல. ஆனால் அது போதாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

2. முதல் வாரம் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. "மூன்றாம் மாடியில் பாத்திரம் விழுந்தது, யாரும் திட்டவில்லை" என்று திரை எழுதியதும், முதல் மாடி ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

3. இரண்டாம் மாடியில் ஒரு தையல்காரர் அதுவரை தனியாக வசித்து வந்தார். அடி தாங்க முடியாமல் கணவரை விட்டு வந்த தம் தங்கையை அவர் சென்ற ஞாயிறு முதல் வீட்டில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. எனக்கும் தெரியாது. திங்களன்று திரை எழுதியது: "இரண்டாம் மாடியில் நேற்று முதல் இரண்டு தையல் மெஷின்கள். புதியது தயங்கித் தயங்கி ஓடுகிறது. படியில் யார் நடந்தாலும் நின்றுவிடுகிறது."

4. அந்த வரியின் அழகில் மயங்கிப் படமெடுத்து, குடியிருப்பின் பெயரோடு என் இணையப் பக்கத்தில் போட்டேன். ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். அவர்களில் தங்கையின் கணவரும் ஒருவர். இதில் முதல் குற்றவாளி நான்தான்.

5. புதன் காலை பதினொரு மணிக்கு அந்தக் கணவர் வந்தார். ஒலிவாங்கிகளைச் சோதிப்பதற்காக, காதில் ஹெட்ஃபோனுடன் நான் மூன்றாம் மாடியில் நின்றிருந்தேன். அவர் ஏற ஏறத் திரை எழுதியது: "கனமான செருப்பு. மெஷின் நின்றது. உள்ளே தாழ்ப்பாள்." இரண்டாம் மாடித் திருப்பத்தில் அதைப் படித்துவிட்டு அவர் கதவைத் தட்டினார். "உள்ளதான் இருக்கே. சுவரே சொல்லுது பாரு" என்றார். கதவுக்கு உள்ளே ஒருவர் மூச்சை அடக்குவது என் காதில் கேட்டது. ஐயா, கீழிருந்து காவலாளியும் மெக்கானிக்கும் ஓடி வந்து குறுக்கே நின்ற பிறகே நான் இறங்கினேன். "மறுபடி வருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். காவல் நிலையத்தில் தையல்காரர் கொடுத்த புகாரின் நகலை, அவர் சம்மதத்துடன் இணைத்துள்ளேன்.

6. உடனே தங்கள் உதவிப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாவற்றையும் நிறுத்துமாறு கேட்டேன். "இப்பதான் மேடம் திறப்பு விழா முடிஞ்சிருக்கு. மாசக் கடைசி வரைக்கும் ஓடணும்" என்றார். இவற்றை அணைக்கும் விசை உள்ள பெட்டியின் சாவி தங்கள் அலுவலகத்தில் உள்ளது.

7. அன்று பிற்பகல் இரண்டாம் மாடி ஒலிவாங்கியின் கம்பி வெட்டப்பட்டது. பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் காவலாளிக்கு நேற்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துள்ளது. வேலை போய்விடும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லாமல் பயப்படுகிறார். அவர் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. தையல்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி அதை வெட்டியது நான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு, வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

8. நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை மீண்டும் இணைக்க ஆட்கள் வருவதாக அறிகிறேன். எனவே, இணைப்புப் பணியை இன்றே ரத்து செய்யுமாறும், எல்லாத் திரைகளையும் அணைக்குமாறும், காவலாளிக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்று என் பெயருக்கு அனுப்புமாறும் வேண்டுகிறேன். விழாவில் தாங்கள் போர்த்திய சால்வையையும் பாராட்டுப் பத்திரத்தையும் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

தங்கள் ஆணை வரத் தாமதமானால், நாளை பத்து மணிக்கு நான் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருப்பேன். பணியாளர்கள் என்னைத் தாண்டித்தான் அந்தக் கதவருகே செல்ல முடியும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: பி பிளாக் வாயில்
நாள்: வெள்ளிக்கிழமை, காலை 9 மணி

இப்படிக்கு,
(ஒப்பம்)
கம்பியை வெட்டியவர்

இணைப்பு: காவல் நிலையப் புகார் நகல், சால்வை, பாராட்டுப் பத்திரம்.