முதுகுக் கவசம்

ஞாயிறு, இரவு.

மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டக் கவசம் வேண்டுமென்று இவர் என்னையும் மகளையும் மோட்டார் சைக்கிளில் சுங்கை பட்டாணியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு என்னை நெஞ்சில் குத்தச் சொன்னார். "முதுகெலும்புதான் முக்கியம் லா" என்று, முதுகில் கெட்டித் தகடு வைத்ததை எடுத்தார்.

"பாப்பாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிடலாமே" என்றேன்.

"வீடு பக்கத்துலதானே. ஒன்னும் ஆகாது லா."

அவளுக்கு எலும்பே இல்லை போலிருக்கிறது.

உடம்புக்குப் பழகட்டும் என்று கவசத்தோடே மோட்டாரை ஓட்டினார். நடுவில் மகள். சுங்கை லாலாங் முனையில் நாய் குறுக்கே வர, பிரேக் பிடித்தார். அவள் நெற்றி அந்தத் தகட்டில் மோதியது.

வீட்டில் நான் வீக்கத்துக்கு ஐஸ் வைத்தேன். இவர் கவசத்தைக் கழற்றி விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேள, கீறல் இல்ல."