ஆந்த்ரோத்துக்கு ஐந்து கிலோமீட்டர்

இயேசு மரி சூசை

செஞ்சி,
அக்டோபர் 22

அன்புள்ள ஜெபின் அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால் நேராகவே எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடமிருந்து வருவதையும் உனக்குப் போவதையும் அம்மா ஒன்று விடாமல் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பள்ளிக்குப் போகும் வழியில் விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

நைனா ஏறிய சரக்குப் படகு மூழ்கி இன்றோடு முப்பத்தைந்து நாள். நீ மங்களூரில் துறைமுக அலுவலகத்துக்கும் அறைக்கும் நடக்கத் தொடங்கி ஒரு மாதம். 29ஆம் தேதிக் கப்பலில் ஆந்த்ரோத் தீவுக்குப் போய் நைனாவைத் தேட அனுமதி கிடைத்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது. தலை வாரிப் பூ வைத்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தில் யாராவது நைனாவைப் பற்றிச் சந்தேகமாக இழுத்துப் பேசினால், "அஞ்சு கிலோமீட்டர் இன்னா பெரிய தூரம்? பனமலை ஏரிய நாலு வாட்டி நீந்துனா முடிஞ்சிது. அவரு சின்ன வயசுல அத வெளாட்டா செஞ்சவரு" என்கிறாள். உனக்கு அனுப்பிய பார்சலில் ஒரு புதுச் சட்டையும் லுங்கியும் இருக்கும். தீவில் நைனாவைப் பார்த்ததும் மாற்றிக்கொள்ளக் கொடுக்கத்தான். உனக்கென்று எதுவும் வைக்கவில்லை என்று வருத்தப்படாதே.

பங்குச் சாமியார் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்களை எழுதுகிறார். நம் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தார். நோட்டைப் பிரிக்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள், "சாமி, அவரு பேர அதுல எழுதுனீங்கன்னா நான் இனிமே கோயில் பக்கமே வர மாட்டேன்." சாமியார் நோட்டை மடித்துக்கொண்டு, 31ஆம் தேதி வரை எழுதலாம் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐந்து கிலோமீட்டரை அம்மாவுக்குச் சொன்னது நான்தான். உன் கணினியில், உன் விமான விளையாட்டில், ஜி.பி.எஸ். பெட்டியில் படகு மூழ்கிய இடம் என்று துறைமுகக் கடிதத்தில் இருந்த எண்களைப் போட்டு, அங்கிருந்து தீவுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டினேன். அதைத்தான் இப்போது நீயும் செய்து பார்க்க வேண்டும். உன் அறையில் இருக்கும் அன்புச்செல்வன் அண்ணனின் லேப்டாப்பில் அதே விளையாட்டு இருக்கிறது என்றாயே. நீ எப்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்தே ஓட்டுவாய், பெட்டியைத் தொட்டதில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு பெட்டியைத் தொடு. நீ குமிழைத் திருகிக்கொண்டிருக்கும்போது விமானம் தன் பாட்டுக்குச் சாய்ந்து கீழே போய்விடும். எனக்கு நான்கு முறை அப்படி விழுந்தது. குமிழ் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பெரியதன் மேல் சின்னது என்று இரண்டு இருக்கின்றன. சின்னதை ஒரு தரம் உள்ளே அழுத்தினால்தான் எழுத்து விட்டுவிட்டு மின்னும். பிறகு பெரியது கட்டம் கட்டமாக நகர்த்தும், சின்னது எழுத்தை மாற்றும். மவுஸ் சக்கரத்தால் திருகுவது எளிது.

விமான நிலையமாக இருந்தால் அதன் குறியீட்டைப் போட்டால் போதும். கடலுக்குக் குறியீடு கிடையாது. நாமே ஒரு புள்ளி உண்டாக்கி, பெயர் வைத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் தர வேண்டும். நான் வைத்த பெயர் NAINA. ஐந்து எழுத்து, சரியாகப் பொருந்தியது. பிறகு D எழுத்தில் அம்பு போட்ட பொத்தானை அழுத்தினால் நேர்கோடு விழும். பெட்டியின் கீழே GPS என்று எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள். இல்லாவிட்டால் விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளாது. இன்னொன்று, அந்தக் கோட்டுக்கு உயரம் தெரியாது. நேற்று திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தபோது என்னை நேராக நம் கோட்டையின் ராஜகிரி மலையில் கொண்டுபோய் மோதியது. பெட்டி நாம் கேட்டதை மட்டும்தான் செய்யும், அண்ணா. நாம் கேட்டது சரியா என்று அது பார்க்காது.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். தெரியாத இடத்தைப் போடும் முன், தெரிந்த இடம் ஒன்றைப் போட்டுச் சோதித்துவிடு. நான் அதைச் செய்யவில்லை.

தீபாவளியன்று மத்தியானம் கலைச்செல்வி வந்தாள். நைனாவோடு தீவுக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போன சிங்கவரம் கலியபெருமாள் மாமாவின் மகள். அவர்கள் வீட்டில் இந்த ஆண்டு தீபாவளி இல்லை. படகில் இருந்த ஆறு பேரில் நான்கு பேரைக் காப்பாற்றினார்கள், மீதி இரண்டு பேர் கிடைக்கவில்லை என்று தெரிந்ததுமே அவள் அம்மா வள்ளியம்மாள் அத்தை அழுது தீர்த்தார், பதினாறாம் நாள் காரியமும் செய்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு எவளாவது காரியம் செய்வாளா என்று அம்மா அவர்களிடம் சண்டை போட்டது உனக்குத் தெரியும்.

கலைச்செல்வி கோட்டையை வானத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். விளையாட்டில் சென்னையிலிருந்து கிளம்பினோம். அம்மாவின் போனில் செஞ்சிக்கு 12.25, 79.40 என்று இருந்தது. அப்படியே போட்டேன். கோடு முடிந்த இடத்தில் கோட்டையின் மூன்று மலையும் தெரிந்திருக்க வேண்டும். தட்டையான வயல்தான் இருந்தது. அவள், "இன்னாடி, கோட்ட எங்க? வந்தவாசி பக்கம் கொண்டாந்து உட்டுட்ட. உன்ன நம்பி பஸ்ல கூட ஏற முடியாது போலக்குதே" என்று சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். நானும் சிரித்தேன். பிறகு எண்களைப் பார்த்தேன்.

அண்ணா, அந்தப் பெட்டியில் பாகைக்கு அடுத்த கட்டம் நிமிடத்துக்கானது. ஒரு பாகைக்கு அறுபது நிமிடம். 12.25 என்றால் பன்னிரண்டேகால் பாகை, அதாவது பதினைந்து நிமிடம். நான் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அப்படியே இருபத்தைந்து என்று அடித்திருந்தேன். பதினைந்து, இருபத்து நான்கு என்று திருத்தியதும் கோட்டை வந்துவிட்டது. முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தோம்.

துறைமுகக் கடிதத்தில் இருப்பது 10.47, 73.44. அம்மாவுக்குக் காட்டிய அன்று நாற்பத்தேழு, நாற்பத்து நான்கு என்றுதான் அடித்தேன். புள்ளி தீவின் கரையிலிருந்து ஐந்தே கிலோமீட்டரில் விழுந்தது. தீபாவளியன்று, கலைச்செல்வி பக்கத்தில் இருக்கும்போதே இருபத்தெட்டு, இருபத்தாறு என்று மாற்றினேன். NAINA கடலுக்குள் போய்விட்டது. மிக அருகில் இருந்த கரையே நாற்பத்தாறு கிலோமீட்டர்.

கலைச்செல்வி திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டாள். எங்கப்பாவுக்கும் இதே எடம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாங்க அன்னிக்கே அழுது முடிச்சிட்டோம் டெய்சி. நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேடி" என்றாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். துறைமுகக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில், மிக அருகில் உள்ள கரை சுமார் இருபத்தைந்து கடல் மைல் என்று எழுதியிருந்தது, அதே நாற்பத்தாறு கிலோமீட்டர்தான். வீட்டில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். முதல் நாளே படித்தேன். அலுவலகத்தில் தவறாகத் தட்டச்சு செய்திருப்பார்கள், பெட்டிதான் சரி என்று வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் அந்த வரியை மட்டும் படிக்கவில்லை. அவள் அப்போதுதான் இரண்டு நாள் கழித்து ஒரு வாய் சோறு சாப்பிட்டிருந்தாள்.

என்னை நம்பாதே. நீயே முதலில் செஞ்சியைப் போட்டுப் பார், பிறகு மற்றதைப் போடு. நான் இரண்டாம் முறையும் தவறியிருந்தால் எனக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது, நீ கப்பல் ஏறு. இல்லை என்றால் ஏறாதே. அந்தத் தீவில் யாரையும் தேட வேண்டியதில்லை.

31ஆம் தேதிக்குள் வந்துவிடு, அண்ணா. அம்மாவிடம் நான்தான் சொன்னேன், அதனால் இதையும் நான்தான் சொல்ல வேண்டும். நீ பேச வேண்டாம். நான் சொல்லும்போது அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும், என் ஒருத்தியால் முடியாது. கிளம்பும்போது போன் செய்யாதே. நீ வருகிறாய் என்று தெரிந்தால், நைனாவும் கூட வர்றாரா என்றுதான் முதலில் கேட்பாள்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் தங்கை,
பி. டெய்சி