மாடிப் பணம்

அன்புள்ள அத்தான்,

இங்கே எல்லோரும் நலம். மாடி கட்ட நீங்கள் அனுப்பிய பணம் வந்துவிட்டது. கொத்தனாரும் வந்தார். உங்கள் அம்மா அவருக்கு டீ கொடுத்து, "இப்ப வேண்டாம்ப்பா, அப்புறம் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பார்மசி கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மருந்துக்கடையில் இத்தனை வருடம், அடுத்தவர் சொன்ன மாத்திரையை எடுத்துக் கொடுத்தே காலம் போனது. அதனால்தான் விண்ணப்பித்தேன். கிடைக்காவிட்டால் வெட்கம் என்று உங்களிடம் மூச்சு விடவில்லை.

கட்டணத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தை பீரோவைத் திறந்தார். "மாடி எங்கயும் ஓடிப் போயிடாது. உன் வயசுதான் ஓடுது. கிளம்பு" என்றார்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் என் தலை நரையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வரலையாம்மா?" என்று கேட்டார். திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அத்தை என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"வந்திருக்காளே. இதோ நிக்கிறாளே, இவதான் என் பொண்ணு."

பணம் கட்டியாகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் தனக்கு எழுதச் சொன்னார் உங்கள் அம்மா. மருமகளுக்குப் படிக்கிற வேலை இருக்கிறதாம்.

உங்கள் மனைவி,
முதலாம் ஆண்டு