எங்கள் ஊரணிக்கு ஒரு பேர்

ஜனவரி 12, திங்கள்

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசிக்கப் போவதும் நான்தான். எழுபத்தொரு வயதுக் கை. துணியை ஓங்கி அடித்தே பழகியதால் பேனாவையும் அழுத்திவிடுகிறது. தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று பஸ் ஸ்டாப் போர்டை முழுதாக வாசித்தேன். வண்ணான் ஊரணி. மூன்று சுழி, இரண்டு சுழி இரண்டும் ஒரே சொல்லில். எழுத்தறிவு வகுப்பு எடுக்கும் வனிதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதைத்தான் மாத்தப் போறாங்க பெரியப்பா. சாதிப் பேரு இருக்கக் கூடாதாம்."

நான் வாசிக்கப் பழகியதும் அழிக்கிறார்களா?

ஜனவரி 14, புதன்

யோசித்தேன். ன் எடுத்து ர் போட்டால் போதும். வண்ணார் ஊரணி. மரியாதையாகவும் இருக்கும், எங்கள் ஆட்கள் வெளுத்த இடம் என்பதும் நிற்கும். சாப்பிடும்போது சொன்னேன். பேத்தி ரஞ்சிதா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. என்ன தப்பாகச் சொன்னேன்?

ஜனவரி 18, ஞாயிறு

மருமகள் சொர்ணம் இன்றுதான் சொன்னது. ரஞ்சிதா காலேஜ் விட்டு வரும்போது நம் ஸ்டாப்பில் இறங்குவதே இல்லையாம். அடுத்த ஸ்டாப் ரைஸ்மில். அங்கே இறங்கித் திரும்பி நடந்து வருகிறதாம். இரண்டு வருடமாக. பெண்களுக்கு டிக்கெட் சும்மாதான். ஆனால் இறங்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

"சொன்னா பஸ்ஸே திரும்பிப் பாக்குதாம் மாமா. ர் போட்டா மட்டும் பாக்க மாட்டாகளா?"

அந்த வெயிலில், பையைத் தூக்கிக்கொண்டு — நான் அந்தப் போர்டப் பாத்துல்ல சிரிச்சுக்கிட்டு நின்னேன்.





ஜனவரி 26, திங்கள்

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிராம சபை. உரக்கடை வசந்தகுமார், 'பாரத மாதா ஊரணி' என்றார். செம்மல் வாத்தியார், 'தமிழன்னை ஊரணி' என்றார்.

"அப்ப நீங்க இந்தியன் இல்லையா?"

"ஒங்காத்தா ஒனக்கு எந்த மொழியில சோறூட்டுச்சு?"

ஒரு மணி நேரம் இதே. ஒரு நாற்காலி உடைந்தது. நான் எழுந்தேன்.

"ரெண்டு அம்மாவும் பெரியவகதான். நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாச்சும் அதுல கால நனைச்சிருக்கீங்களா? வண்ணான் ஊரணிங்கிறது ஊரு வச்ச பேரு. எங்க வீடுகள்ல அப்படிச் சொன்னதே இல்ல. துறைன்னுதான் சொல்லுவோம். துறைக்குப் போயிட்டு வாரேன், அவ்வளவுதான்."

"எந்தத் துறை, மின்சாரத் துறையா?" என்றார் பின்னால் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஊராட்சிச் செயலர் புவனேஸ்வரி, "மனுவா குடுங்கய்யா. கைநாட்டு வைக்க மை இருக்கு" என்றார். பேனா கேட்டேன். துறையூரணி என்று எழுதினேன். எனக்கு நேரம் ஆகும். அந்தக் கூட்டமே காத்திருந்தது.

எங்கள் தெருப் பெண்கள் முதலில் கை தூக்கினார்கள். நல்ல தமிழ்ச் சொல் என்று செம்மல் தூக்கினார். செம்மல் சொன்ன பேர் வரவில்லை என்று வசந்தகுமாரும் தூக்கினார்.

ராத்திரி ரஞ்சிதா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியது.

பிப்ரவரி 20, வெள்ளி

புதுப் போர்டு வைத்து நாலு நாள் ஆகிறது. இன்று ரஞ்சிதா கண்டக்டரிடம் துறையூரணி என்றதாம். "துறையூரு திருச்சிக்கு அங்கிட்டுல்ல இருக்கு பாப்பா. இது அரிமளம் பஸ்சு" என்றாராம் அவர். "துறையூர் இல்லண்ணே. துறையூரணி. எங்க ஸ்டாப்பு" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னதாம். சொல்லும்போதே அதற்குச் சிரிப்பு.

எப்போதும் ஐந்து மணிக்கு மேல் நடந்து வருவது, இன்று நாலே முக்காலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. சொர்ணம் இன்னும் பாலே காய்ச்சவில்லை.

ரீஃபில் தீரப்போகிறது. அடுத்த வாரச் சந்தையில் ஒன்று வாங்கிக்கொண்டுதான் இனி உட்கார வேண்டும்.